சமையலறை வாசலுக்கு ஐந்து ஸ்பீக்கர்

என்னை ஏமாற்றுக்காரன் என்று இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேடினால் இன்றைக்கும் வரும். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஹோம் தியேட்டர் கடை வைத்திருக்கும் காஜா மைதீன், விவரம் தெரியாத வயதான பெண்களிடம் வேலையைக் காட்டுகிறானாம். கீழே ஒற்றை நட்சத்திரம். இருபத்திரண்டு வருடமாகத் திருச்சியில் வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் மாட்டுகிறவன் நான். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது, இதையெல்லாம் என் மனைவியே நாலு பேரிடம் சொல்வாள். ஏமாற்றினான் என்று மட்டும் எவனும் சொன்னதில்லை. எழுதினவர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் அந்த வயதான பெண் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பெயர் அரவிந்தவல்லி. லால்குடியில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் சௌரிராஜன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீரங்கம் வந்தார். ஒரு பெண்கள் பள்ளியின் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிளார்க். விடியற்காலையில் எழுந்து, சமையலை, அவர் பாஷையில் சொன்னால் தளிகையை, முடித்து, பெருமாளுக்குப் படைத்து, கணவருக்கும் பிள்ளைக்கும் டிபன் டப்பா கட்டி, எட்டரை பஸ்ஸைப் பிடித்து, சாயங்காலம் திரும்பி வந்து மறுபடி அடுப்பு. ஓய்வு பெற்றார். அதற்கு மூன்று வருடம் கழித்து சௌரிராஜன் போய்விட்டார். ஒரே பிள்ளை வெங்கட்ராகவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அடையவளஞ்சான் தெரு அடுக்குமாடியில் முதல் மாடி வீட்டில் மாமி தனியாக இருந்தார்.

இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தவை. முதலில் பார்த்தபோது, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் முகம் சிவந்து, கடைப் படி ஏறி வந்த ஒரு மாமி, அவ்வளவுதான். அந்த வயதில் வருகிறவர்கள் கேட்பது சுலோகம் பாடுகிற சின்னப் பெட்டி ஒன்றைத்தான். கேட்பதற்கு முன்பே எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“இது வேண்டாம்,” என்றார். “பின்னாடிலேந்து மழை பெய்யுமே, அது வேணும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே விளக்கினார். பள்ளியில் யாரோ டீச்சர் ஓய்வு பெற்றபோது எல்லாரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்களாம். புதுத் தியேட்டர். படத்தில் மழை வந்தது.

“முதுகுக்குப் பின்னாடி சோன்னு கொட்டித்து, பாய். நான் திரும்பியே பாத்துட்டேன். பாத்தா ரெண்டு பேர் பாப்கார்ன் சாப்பிட்டுண்டிருக்கா. மழையக் காணும்.” சொல்லிவிட்டுச் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். “அது ஆத்துல வெக்க முடியுமா?”

முடியும் என்றேன். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தரையில் இடிபோல அதிர ஒரு பாஸ் பெட்டி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு ரிசீவர். எதையும் பேரம் பேசவில்லை. என் பென்ஷன், நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னார். நான் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலில் வீட்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, எங்கே உட்காருவீர்கள் என்பதுதான். ஐந்து ஸ்பீக்கரின் சத்தமும் வந்து சேரும் இடம் ஒன்றுதான் உண்டு. அங்கே உட்கார்ந்தால் மழை முதுகில் பெய்யும், ரயில் காதோரம் போகும். நாலடி தள்ளி உட்கார்ந்தால் வெறும் இரைச்சல். எல்லா வீட்டிலும் அந்த ஓர் இடம் வீட்டு ஆம்பளையின் இடமாகத்தான் இருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு வீட்டிலும் ஒரு பெண்ணுக்காக நான் அளவெடுத்ததில்லை. என் வீட்டிலும் அதே கதைதான், பொய் சொல்வானேன்.

“மாமி, நீங்க எங்க உக்காருவீங்க?” என்று கேட்டேன்.

“உக்கார்றதா?”

“ஆமா. படம் பாக்கறப்ப.”

விருந்துக்கு வந்தவர்போல் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். டிவிக்கு எதிரே மூன்று பேர் உட்காரும் சோபா இருந்தது. அதன் வலப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி, சமையலறை வாசல். மாமி நேராக அங்கே போய், நிலையில் இடது தோளைச் சாய்த்து நின்றார். “நான் இங்கதான்,” என்றார். அந்த உயரத்தில் நிலையில் பெயின்ட் போயிருந்தது. தோள் பட்டுப் பட்டு மரம் வழவழவென்று ஆகியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அங்கிருந்து பார்த்தால் ஷோகேஸ் மறைத்து முக்கால்வாசி டிவிதான் தெரியும்.

“மாமி, சோபாவுல நடுவுல உக்காருங்க. அங்கதான் சரியா வரும்.”

“பெருமாளுக்கு முதுகக் காட்டிண்டு எப்படி உக்கார்றது?”

சோபாவுக்குப் பின்சுவரில்தான் பெருமாள் அலமாரி இருந்தது. நியாயம்தான். “அப்ப சோபாவப் பக்கவாட்டுல நகத்திடுவோம்,” என்றேன்.

“அடுப்புல பால் வெச்சிருந்தா?”

“பால் வெக்காம உக்காருங்க.”

“அதெப்படி.”

“சரி, மாமா இருக்கறப்ப இந்த சோபாவுல யாரு உக்காருவா?”

“அவர்தான்.”

“அவரு பெருமாளுக்கு முதுகக் காட்டலயா?”

மாமி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். “அவருக்கு அதெல்லாம் கிடையாது,” என்றார்.

சௌரிராஜனுக்கு எதுவுமே கிடையாது போலிருக்கிறது. டிவி வந்த நாளிலிருந்து ரிமோட் அவர் சட்டைப் பையில்தான் இருந்ததாம். பாத்ரூம் போனாலும் கூடவே போகும். மாமி அரிவாள்மணையையும் பீன்ஸையும் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்வார், பாதி நேரம் நிற்பார். எப்போதாவது ஆசையாக ஓர் அடி உள்ளே வைத்தால் சௌரிராஜன் திரும்பி, “என்ன வேணும்?” என்று கேட்பாராம். அவ்வளவுதான். மாமி திரும்பிவிடுவார். “ரொம்ப நல்ல மனுஷர், பாய். ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்லை,” என்றார். அடிக்காமல், திட்டாமல், என்ன வேணும் என்று கேட்டே ஒரு பெண்ணைக் காலம் பூராவும் வாசலில் நிறுத்த முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. செத்துப்போனவரைப் பற்றிப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசுவேன்.

நான் மறுபடி வாதாடினேன். குரலை உயர்த்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் கடைப் பெயர் கெட்டுவிடும் என்றேன், பார்க்கிறவன் சிரிப்பான் என்றேன். மாமி நிலையை விட்டு நகரவில்லை. கடைசியில் தாழ்ந்த குரலில், “நேக்கு அங்கே உக்காந்தா காது கேக்காது, பாய். யாராவது என்ன வேணும்னு கேட்டுடுவாளோன்னே இருக்கும்,” என்றார். யாருமில்லாத வீட்டில். நான் டிரில் மெஷினை எடுத்தேன்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் எனக்குக் காப்பி பேப்பர் கப்பில் வந்தது. அந்தத் தெருக்களில் எனக்கு அது பழக்கம்தான், புதிதாகப் புண்பட ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

ஐந்து ஸ்பீக்கரையும் சமையலறை வாசலைப் பார்க்கத் திருப்பினேன். ஒன்றை பாத்ரூம் போகும் வழியில் மாட்டினேன். இன்னொன்றைச் சமையலறைக்குள்ளே, புகைபடாத மூலையில் மாட்டினேன். சோபாவில் ஒருவன் உட்கார்ந்தால் தலை சுற்றும். பிறகு, ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தமும் சரியாக வந்து சேர்கிறதா என்று அளவெடுக்கும் மைக்கை முக்கால் ஸ்டாண்டில் மாட்டினேன். அது கேட்பவரின் காது உயரத்தில் இருக்க வேண்டும். மாமியை நிற்கவைத்து, நிலையில் பென்சிலால் கோடு போட்டேன். தரையிலிருந்து நாலே முக்கால் அடி. நிற்கிற மனுஷியின் காதுக்கு மைக் வைத்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அளவெடுக்கும்போது ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி வேண்டும். ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன். முதல் ஸ்பீக்கர் உஸ் என்று ஆரம்பித்ததும் குக்கர் விசில் அடித்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி விசில். மூன்றாம் தடவை எனக்குப் பொறுக்கவில்லை.

“மாமி, இன்னிக்கு அளவு எடுக்கறதா சோறு வடிக்கறதா, ஒண்ணச் சொல்லுங்க.”

ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். “தளிகை பாதில அடுப்ப அணைச்சது இதான் மொதல் தடவை,” என்றார். ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டவர்போல் முகம் மலர்ந்திருந்தது.

எல்லாம் முடிந்து மழையைப் போட்டேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சட்டென்று பின்பக்கம் திரும்பினார். “பால்கனில துணி போட்டிருக்கேன், நனைஞ்சுடுமேன்னு பதறிட்டேன்,” என்றார். பிறகு தலையைச் சாய்த்து, “அந்தக் கோடியில இருக்கறது மட்டும் உப்புக் கம்மியா இருக்கே,” என்று பாத்ரூம் பக்கத்து ஸ்பீக்கரைக் காட்டினார். மெஷின் எல்லாம் சரி என்றது. நம்பாமல் ஏணி போட்டுப் பார்த்தால், ஒயரில் இரண்டு இழை ஒடிந்திருந்தது. எத்தனையோ பணக்கார வீடுகளில் மாட்டியிருக்கிறேன், இப்படி ஒரு காதை நான் கண்டதில்லை. பார்க்கவிடாத படங்களையெல்லாம் காதாலேயே பார்த்துப் பழகிய காது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் அடிக்கடி போனேன். போக வேண்டிய வேலை ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கம் பக்கம் வேறு வீட்டுக்குப் போனால் மாடி ஏறிவிடுவேன். முதல் மாதம் முழுக்க மாமி நின்றுகொண்டேதான் கேட்டார். ஒரு ஸ்டூலாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றால், போக வர வழி அடைக்கும் என்றார். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று சத்தம் போட்டேன். புரட்டாசியில் ஸ்டூல் வந்தது, வாசல் படிமேல். உட்கார்ந்தால் காது இறங்கிவிடுமே, அதற்காக மறுபடி மைக் வைத்து அளவெடுத்துக் கொடுத்தேன். ஐப்பசியில் போனபோது ஸ்டூல் கூடத்துக்குள் ஓர் அடி வந்திருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் போய்விடும் என்று பயம். பேசாமல் ஸ்பீக்கர்களை ஓர் அடி திருப்பிவைத்தேன்.

எனக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. “பொங்கலுக்குள்ள உங்கள அந்த சோபா நடுவுல உக்கார வெக்கறேனா இல்லயா பாருங்க,” என்று சவால் விட்டேன். “பாப்போம், பாப்போம்,” என்றார் மாமி. தன் வீட்டுக் கூடத்தில், தன் காசில் வாங்கின சாமானுக்கு எதிரே, ஒரு பெண் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. என் மகள் அல்ஷிஃபா கல்லூரியில் படிக்கிறாள். “ஏன் அத்தா, அம்மாவ நம்ம வீட்டு சோபாவுல உக்கார வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். அவளுக்கு என் வாய்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குப் பிள்ளை வந்தார். வந்த மறுநாளே எனக்குப் போன்.

“யாருங்க இத இன்ஸ்டால் பண்ணது? பேசிக் சென்ஸ் இருக்கா உங்களுக்கு? உடனே வாங்க.”

போனேன். வெங்கட்ராகவன் அரைக்கால் சட்டையுடன் சோபா நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமி சமையலறைக்குள் ஏதோ வேலையாக இருந்தார். கூடத்தில் ஸ்டூல் இல்லை.

“சென்டர் ஸ்பீக்கர் ஏன் கிச்சனப் பாக்குது? பின்னாடி வெக்க வேண்டிய சரவுண்ட் ஏன் கிச்சனுக்குள்ள இருக்கு? யூடியூப் பாத்தாக்கூட இப்படி வெக்க மாட்டாங்க. வயசானவங்க, தனியா இருக்காங்கன்னு என்னத்தையாவது மாட்டிட்டு காச வாங்கிட்டுப் போயிட்டீங்க இல்ல?”

“சார், நிதானமாப் பேசுங்க. அம்மா அங்கதான் நின்னு கேப்பாங்க. அவங்க சொல்லித்தான் வெச்சேன்.”

“அம்மா அங்க நின்னு கேப்பாளா? என்ன உளர்றீங்க?” என்றவர் உள்ளே திரும்பி, “ஏம்மா, நீயா இப்படி வெக்கச் சொன்னே?” என்று கேட்டார்.

மாமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். அந்த நிலைதான். பென்சில் கோடு அவர் காதுக்கு நேரே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

“நேக்கு என்னடா தெரியும்,” என்றார். “அவர் வெச்சார்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் காது அடைத்துவிட்டது. மாமி, இப்படிச் சொல்லலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. என் நாக்கு எப்படியோ அன்றைக்கு ஒருநாள் அடங்கிப்போனது. அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை கேட்டது கோபமாகக்கூட இல்லை. சும்மா திரும்பி ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கே மாமி ஓர் அடி பின்னால் போயிருந்தார்.

ஏணி போட்டு ஐந்தையும் கழற்றினேன். ஐந்தையும் சோபா நடுவுக்குத் திருப்பினேன். வெங்கட்ராகவனின் காது உயரத்துக்கு மைக் வைத்து அளவெடுத்தேன். அவர் கார் துரத்துகிற படம் ஒன்றைப் போட்டுப் பார்த்து, “இப்ப எப்படி இருக்கு பாருங்க, இத மொதல்லயே செய்யறதுக்கு என்ன?” என்றார். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினவன், பொறுக்கமாட்டாமல் வாசலைப் பார்த்து, “மாமி, உங்களுக்குச் சத்தம் சரியா இருக்கா?” என்று கேட்டேன்.

“என்ன ஏன் கேக்கறேள்? அவனக் கேளுங்கோ,” என்றார் மாமி.

மூன்றாம் நாள் அல்ஷிஃபா போனைக் கொண்டுவந்து அந்த ஒற்றை நட்சத்திரத்தைக் காட்டினாள். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நான் ஆண்டிகூட இல்லை, ஒரு பாய். அதனால் இன்னும் வசதி. தில்லைநகரில் ஓர் அடுக்குமாடி முழுக்க நான் செய்ய வேண்டிய வேலை அந்த வாரமே கைவிட்டுப் போனது. உங்களைப் பற்றி ஏதோ போட்டிருக்கிறார்களே என்று அந்தக் கட்டடத்து எஞ்சினியர் இழுத்தார். எனக்குப் பிள்ளைமேல் வந்த கோபத்தைவிட மாமிமேல்தான் கோபம் வந்தது. அந்தப் பையனுக்கு என்னைத் தெரியாது. இவருக்குத் தெரியும். ஸ்டூல் நகர்ந்த ஒவ்வோர் அடியும் இவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை, நான்தான் சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்?

பொங்கலுக்கு மறுநாள் மாமியின் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுநாள் இரண்டு தடவை. எடுக்கவில்லை. பிள்ளை ஊருக்குப் போய்விட்டான், இனி மறுபடி வந்து கிச்சன் பக்கம் திருப்பிக் கொடு என்பார், அடுத்த தடவை அவன் வந்தால் மறுபடி நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நானும் மனுஷன்தானே. ஒரு வாரம் முழுக்க விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் போன் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வருவது நின்றுவிட்டது. நின்றதும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அதையும் வீம்பு தின்றுவிட்டது.

மாசி மாதம் ஸ்ரீரங்கத்தில் வேறொரு வேலை. கால் தானாக அந்த மாடி ஏறியது. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு மாலினி, வங்கியில் வேலை பார்க்கிறவர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“நீங்கதானே காஜா பாய்? மாமி பெங்களூர் போயாச்சே. மருமக மேகனாவுக்கு லீவு முடிஞ்சுடுத்து, கொழந்தையப் பாத்துக்க ஆள் வேணும். ராகவன் வந்து வீட்டக் காலி பண்ணி அழைச்சிண்டு போயிட்டான். ஸ்பீக்கர் எல்லாம்கூட வண்டில ஏத்திட்டான்.”

“மாமி எனக்கு போன் பண்ணியிருந்தாங்க,” என்றேன்.

“தெரியும். நீங்க எடுக்கவே இல்லைன்னு பொலம்பிண்டிருந்தா.” மாலினி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். “பொங்கலன்னிக்கு என்னக் கூப்பிட்டா. போய்ப் பாத்தா, சோபா நடுவுல சம்பிரமமா உக்காந்திருக்கா. மடியில ஒரு கிண்ணத்துல முறுக்கு. கதவத் தெறந்து போட்டிருந்தா. முழுப் படமும் உக்காந்தே பாத்தேன் மாலினி, பாயண்ட சொல்லணும், அவர் ஜெயிச்சுட்டார்னு சொன்னா. அதுக்குத்தான் போன் பண்ணிண்டே இருந்தா. உங்களண்ட ஏதோ மன்னிப்புக் கேக்கணும்னும் சொன்னா.”

மாலினி படி இறங்கிப் போய்விட்டார். நான் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றேன். எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று கேட்க மறந்துவிட்டேன். கணக்குப் போட்டால் இரண்டு வாரம்கூட இருக்காது. அறுபத்து மூன்று வயதில் ஒரு பெண் தன் கூடத்தில் உட்கார்ந்ததை ஒருவனிடம் சொல்ல ஆசைப்பட்டிருக்கிறாள். அந்த ஒருவன் போனை எடுக்கவில்லை. அன்றைக்கு என்னை நானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அதற்கப்புறம் நான் போட்ட போன் ஒன்றும் போகவில்லை. அந்த எண்ணையே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்கட்ராகவன் தானே கூப்பிட்டார். கொஞ்சமும் கூச்சமில்லை.

“பாய், ஒரு சின்ன ஹெல்ப். வீடு மாத்தினதுல ஒயர் எல்லாம் கலந்துபோச்சு. வீடியோல வரீங்களா, காட்டறேன்.”

போடா என்று சொல்ல நாக்கு துடித்தது. மாமியைப் பார்க்கலாமே என்று பேசாமல் வீடியோவை எடுத்தேன். பெரிய கூடம், பெரிய டிவி, தரையெல்லாம் குழந்தையின் பொம்மை. போனைச் சுற்றிக் காட்டினார். இடப்பக்கம், சோபாவுக்குப் பின்தள்ளி, சமையலறை வாசல். அங்கே மாமி தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். போனில் என் முகத்தைப் பார்த்ததும் கண் கொஞ்சம் விரிந்தது.

எந்த ஒயர் எதில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் ஸ்பீக்கரைத் திருப்பிவைக்கிற வேலை வந்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ.

“சார், முன்னாடி ரைட்டுல இருக்கறத இடது பக்கம் நல்லாத் திருப்புங்க. இன்னும். பின்னாடி லெஃப்ட் இருக்குல்ல, அத அந்தக் கிச்சன் ஓரமா நகத்தி வெச்சிருங்க. ரூம் அமைப்பு அப்படி, அங்கதான் சரியா வரும்.”

யூடியூபில் பார்த்ததெல்லாம் மறந்து, அவர் நான் சொன்னபடி செய்தார். உலகத்தில் வேறு யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்திருக்காது. மாமிக்குத் தெரிந்தது. ஸ்பீக்கர் ஒவ்வொன்றாக அவர் நிற்கும் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, ஓர் அடி முன்னால் வந்தார்.

“அப்படி இல்லடா, ராகவா,” என்றார், மறுபடி நான் திட்டு வாங்காமல் தடுக்கிறவர்போல். “எல்லாத்தையும் சோபாவுக்கு நேரா வை. நீ உக்கார்ற எடத்துக்கு வை. பாய் ஏதோ மறந்துட்டார்.”

வெங்கட்ராகவன் போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். “என்ன பாய், மறுபடியும் தப்பாச் சொல்றீங்களா?”

“ஆமா சார்,” என்றேன். “மறந்துட்டேன். அம்மா சொல்றதுதான் சரி. உங்களுக்கு நேராவே வெச்சுக்கங்க.”